திரும்பி வரும் வாக்கியம்

எங்கள் அலுவலகத்தில் என்னை ஆபீசரம்மா என்பார்கள். நான் எந்த அரசாங்கத்துக்கும் ஆபீசர் இல்லை. வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு வழிகாட்டும் நிறுவனம் ஒன்றில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். மாணவர்கள் விசா நேர்காணலுக்குப் போகும் முன் அவர்களை நிற்க வைத்து, விசா அதிகாரி மாதிரியே முறைத்து, அவர் கேட்கும் கேள்விகளைக் கேட்டுப் பழக்குவது என் வேலை. முறைப்பதற்கு நான் தனியாக எதுவும் செய்வதில்லை. என் முகமே அப்படித்தான் என்று வீட்டில் சொல்வார்கள்.

அதற்கென்று ஓர் அறை உண்டு. முன்பு பேப்பர் கட்டுகள் அடுக்கியிருந்த அறை. நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு, கீழே காகிதம் நுழையும் அளவுக்கு ஒரு சந்து. என் பக்கம் நாற்காலி இருக்கிறது. மாணவர் பக்கம் நாற்காலி கிடையாது, நிற்க வேண்டும். மேஜை மேல் சமையலறையில் வைப்பது போல முறுக்கிவிடும் டைமர், மூன்று நிமிடம். பக்கத்தில் இரண்டு ரப்பர் முத்திரைகள், பாஸ் ஒன்று, ஃபெயில் ஒன்று. புதன்கிழமைதோறும் டோக்கன் வாங்கி வர வேண்டும். ஃபைலை யாரும் முன்கூட்டியே என் கண்ணில் காட்டக்கூடாது. தெரிந்தவர் பிள்ளை என்று யாரும் பேச்சுக்கு வரக்கூடாது. ஒருவருக்கு மூன்று புதன்கிழமைதான். மூன்றிலும் ஃபெயில் என்றால் அந்த வருடம் ஃபைல் வெளியே போகாது. இந்த விதிகளைப் போட்டது நான். முதலாளியின் மச்சான் மகனுக்கே மூன்று தடவை ஃபெயில் போட்டிருக்கிறேன். முதலாளி ஒரு வருடம் மாமனார் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஆனால் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வகையில் நல்ல மனிதர்.

என்னிடம் வருவதற்கு முன்னால் நாட்டைத் தேர்ந்தெடுக்கும் படலம் ஒன்று நடக்கும். நாடுகளை நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நீல ஃபைல், மஞ்சள் ஃபைல், பச்சை ஃபைல். நீலம் பக்கத்திலேயே, விமானத்தில் ஐந்து மணி நேரம், படிப்பு ஒரு வருடம். மஞ்சளில் குளிர் அதிகம், பேராசிரியர்கள் தங்கமானவர்கள். பச்சை எல்லாவற்றுக்கும் அந்தப் பக்கம் இருக்கிறது. இரண்டு வருடம் படித்துவிட்டு, மேலும் மூன்று வருடம் அங்கேயே வேலை பார்க்கலாம். பிள்ளைக்கு எந்தப் படிப்பு பிடிக்கும் என்பதை வைத்துத்தான் நாட்டைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நானும் நம்பினேன். அப்படி நடப்பதில்லை. பக்கத்து வீட்டுப் பையன் நீலம் என்றால் இவர்களுக்கும் நீலம். பக்கத்து வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லையென்றால் பச்சை. ஓர் அப்பா, மகனின் மதிப்பெண் பட்டியலை உறையிலிருந்து எடுக்காமலேயே, "குளிர் எங்க கம்மி, அதைச் சொல்லுங்க. அவனுக்குச் சளி ஒத்துக்காது" என்றார். அந்தப் பையன் இப்போது மஞ்சளில், பனிச்சறுக்குத் திடல் ஒன்றில் பகுதிநேர வேலை பார்க்கிறான். சளி பிடித்ததாகத் தகவல் இல்லை.

எந்த நிறமானாலும் அதிகாரி கடைசியில் ஒரே கேள்விக்குத்தான் வருவார். படித்து முடித்ததும் திரும்பி வருவாயா, அங்கேயே தங்கிவிடுவாயா? அதற்கு நான் ஒரு பதில் எழுதி வைத்திருக்கிறேன்.

"எனக்கு அம்மா இருக்காங்க. அவங்களுக்கு நான் ஒரே பிள்ளை. படிப்பு முடிஞ்சதும் கண்டிப்பா திரும்பி வந்துடுவேன்."

அலுவலகத்தில் இதற்குத் திரும்பி வரும் வாக்கியம் என்று பெயர். எண்ணிப் பார்த்தால் மூன்று வாக்கியம். யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. கூடப் பிறந்தவர்கள் இருந்தால் 'ஒரே பிள்ளை'க்குப் பதில் 'கடைசிப் பிள்ளை' போட்டுக்கொள்ளலாம். நடுப்பிள்ளைகள்தான் கொஞ்சம் திண்டாடுவார்கள். இதை நான் எழுதியபோது என் மகளுக்கு ஆறு வயது. என் மடியில் தலைவைத்து வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். வேறு யாரைப் பார்த்து எழுதுவேன்?

வரவேற்பறைச் சுவர் முழுக்கப் போனவர்கள் அனுப்பிய போட்டோக்கள். எல்லோரும் தடித்த கோட்டில் இருப்பார்கள், எல்லோரும் சிரிப்பார்கள். எல்லோரும் என் முன்னால் நின்று கண்டிப்பாகத் திரும்பி வருவேன் என்று சொன்னவர்கள். அதில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் பெண் பார்க்க வந்து, பதினெட்டாம் நாள் பெண்ணோடு கிளம்பிவிட்டார். இன்னொருவர் மறந்து வைத்துவிட்டுப் போன பட்டச் சான்றிதழை எடுத்துக்கொண்டு போக வந்தார். இதில் எனக்கு வருத்தம் எதுவும் இருந்ததில்லை. எல்லாம் அடுத்தவர் பிள்ளைகள்.

போன வருடம் ஒரு புதன்கிழமை, பதினேழாம் டோக்கன் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தது. என் மகள்.

காலையில் அவள் சட்டைக்கு இஸ்திரி போட்டதே நான்தான். எங்கே போகிறாய் என்றதற்கு, "ஒரு வேலை இருக்கு" என்றாள். இப்போது அந்தச் சட்டையோடு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, சந்து வழியாகப் பச்சை ஃபைலைத் தள்ளினாள். என்ன இது என்று கேட்க வாயெடுத்தேன். ஆனால் உள்ளே வருபவர்களைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது, நலம் விசாரிக்கக்கூடாது என்பதும் என் விதிதான். டைமரை முறுக்கினேன்.

"என்ன படிக்கப் போறீங்க?"

"கட்டட ஒலியியல், மேடம்."

இதை எனக்கு விளக்க வேண்டியதில்லை. என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் வீடு மேல்மாடியில், லிஃப்ட் மோட்டார் இருக்கும் அறைக்கு ஒட்டினாற்போல் இருக்கிறது. இரைச்சல் தாங்காது என்று எல்லோரும் ஒதுக்கியதால் எங்களுக்குக் கிடைத்த வீடு. அந்தச் சுவரில் காதை வைத்துக்கொண்டே வளர்ந்தவள் இவள். லிஃப்ட் எந்த மாடியில் நிற்கிறது, உள்ளே எத்தனை பேர் என்றெல்லாம் நாலு வயதில் சொல்வாள். பன்னிரண்டு வயதில், "அப்பா, மோட்டார்ல ஒரு பேரிங் போகப் போகுது" என்றாள். அவர் சிரித்துவிட்டுப் போனார். நாலாம் நாள் குடியிருப்போர் சங்கத் தலைவர் இரண்டு மாடிகளுக்கு நடுவில் ஒன்றரை மணி நேரம் நின்றார். அப்புறம் என் கணவர் சிரிக்கவில்லை. தலைவரும்தான்.

"ஏன் இந்த நாடு?"

"நான் பார்த்த காலேஜ்கள்ல, கொஞ்சம்கூட எதிரொலி இல்லாத ஒரு சோதனை அறை அங்கதான் இருக்கு மேடம். வருஷத்துக்குப் பன்னிரண்டு பேரைத்தான் சேர்த்துக்கறாங்க. எனக்கு இடம் கிடைச்சிருக்கு. இந்த மாசக் கடைசி வரைக்கும் வெச்சிருப்பாங்க."

படிப்பைப் பார்த்து நாட்டைத் தேர்ந்தெடுத்த ஒரு பிள்ளையைப் பத்தொன்பது வருடம் கழித்து இப்போதுதான் பார்க்கிறேன். அது என் வீட்டிலிருந்துதான் வர வேண்டுமா?

"படிச்சு முடிச்சதும் திரும்பி வருவீங்களா?"

"தெரியல, மேடம்."

'தெரியல' என்றால் அந்த இடத்திலேயே ஃபெயில். விதி. முத்திரையைக் குத்தி ஃபைலைத் திருப்பித் தள்ளினேன். "சரி மேடம்" என்று எடுத்துக்கொண்டு போனாள்.

அவளுக்கு ஃபைல் போட்டவர் எங்கள் ஜூனியர் ஆலோசகர். ஆள் ஆறடிக்கு மேல் இருப்பார். அதனால் குட்டி சார் என்று கூப்பிடுகிறோம். நேரே அவர் மேஜைக்குப் போனேன்.

"எத்தனை நாளா நடக்குது இது?"

"நாலு மாசமா மேடம்."

"நாலு மாசமா எல்லாரும் சேர்ந்து என் காதுல பூ சுத்தியிருக்கீங்க."

"ஃபைலை முன்கூட்டியே உங்க கண்ணுல காட்டக்கூடாதுன்னு நீங்கதானே மேடம் ரூல் போட்டீங்க."

விதி போடுகிறவர்களுக்கு இதுதான் கதி.

சாயங்காலம் வீட்டில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்தேன்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"வீட்டுல கேட்டா நீ அம்மாவா பதில் சொல்லுவே. டோக்கன் எடுத்துட்டு வந்தா ஆபீசரா சொல்லுவே. எனக்கு ஆபீசர் பதில்தான் வேணும்."

"ஆபீசர் ஃபெயில் போட்டாச்சு."

"அதான் நானும் வாயைத் திறக்காம வந்துட்டேனே."

"அந்த வாக்கியத்தைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? ஆறு வயசுலேர்ந்து கேட்டுட்டு இருக்கே."

"அது பொய்ம்மா."

"பொய் இல்ல. பதில்."

ஒரு தலையணை உறையை நாலாக மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். "வேற யாருகிட்டயாவது சொல்லிடலாம்மா. உன்கிட்ட எப்படிச் சொல்றது?"

நான் எழுந்து சமையலறைக்குப் போனேன். அங்கே எனக்கு வேலை எதுவும் இல்லை. குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். எனக்குப் பயமாக இருந்தது. இவளும் ஒரு நாள் கோட்டு போட்டுக்கொண்டு அந்த வரவேற்பறைச் சுவரில் ஏறிவிடுவாள் என்ற பயம். அதைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.

அடுத்த புதன்கிழமை பதினோராம் டோக்கனாக வந்தாள். எல்லாக் கேள்விக்கும் நன்றாகப் பதில் சொன்னாள். கடைசிக் கேள்வி வந்ததும், சந்துக்குப் பக்கத்தில் இருந்த முத்திரையைப் பார்த்தபடி, திரும்பி வரும் வாக்கியத்தை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தாள்.

ஃபெயில் போட்டேன். காரணம் எழுத வேண்டிய கட்டத்தில் 'கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை' என்று எழுதினேன்.

அவள் அதைப் படித்தாள். என்னைப் பார்த்தாள். "சரி மேடம்" என்றாள்.

அவள் போன பிறகு குட்டி சார் ஏதோ எடுக்க வந்தவர் போல உள்ளே வந்து, எதையும் எடுக்காமல் நின்றார்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல மேடம். கதவுக் கண்ணாடி வழியா பார்த்துட்டு இருந்தேன். அஞ்சாம் டோக்கன் ஃபேனைப் பார்த்துதான் சொன்னாரு. பாஸ் போட்டீங்க."

"தெரியும்."

"சரி மேடம்."

எனக்குத் தெரியாமல் எப்படி இருக்கும்? ஐந்தாம் டோக்கன் ஃபேனைப் பார்த்தார். ஒன்பதாம் டோக்கன் பதற்றத்தில் 'எனக்கு நான் ஒரே அம்மா' என்றே சொன்னார். இரண்டு பேருக்கும் பாஸ். வேறு வீட்டுப் பிள்ளையாக இருந்திருந்தால் இவளுக்கும் கண்ணை மூடிக்கொண்டு போட்டிருப்பேன். முதலாளியின் மச்சான் மகனுக்கு வளையாத கை, என் மகளுக்கு வளைந்துவிட்டது. அதுவும் எந்தப் பக்கம் வளைந்தது பாருங்கள்.

அன்று சாப்பிடும்போது கணவர், பக்கத்துக் கட்டட லிஃப்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். "கதவு சென்சாரை ரொம்ப நுணுக்கமா வெச்சுட்டாங்க. ஒரு தூசி பறந்தாக்கூட கதவு மூட மாட்டேங்குது. கதவு மூடலைன்னா லிஃப்ட் எப்படிப் போகும்? எல்லாரும் உள்ள ஏறி நின்னுட்டு அப்படியே நிக்கறாங்க."

அவர் லிஃப்டைப் பற்றித்தான் பேசினார். குத்திக் காட்டிப் பேசுவதெல்லாம் அவருக்கு வராது. அப்படி வந்திருந்தால் இருபத்தைந்து வருடத்தில் ஒரு தடவையாவது தெரிந்திருக்கும். இருந்தாலும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கை கழுவும்போது மகளிடம் மெதுவாகச் சொன்னேன். "அடுத்த தெருவுல ஒரு ஆபீஸ் இருக்கு. அங்க போனா நாளைக்கே ஃபைலை அனுப்பிடுவாங்க."

"அங்கயும் உன் வாக்கியத்தைத்தான் காப்பி அடிச்சுக் குடுக்கறாங்க. விசாரிச்சேன்."

"இருக்கட்டுமே."

"வேணாம்மா. உன் முத்திரை இல்லாம நான் போக மாட்டேன். நீ நியாயமா ஃபெயில் போட்டா போகல, அவ்வளவுதான். ஆனா நியாயமா போடு."

துண்டை என் தோளில் போட்டுவிட்டுப் போய்விட்டாள். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். கோபம் எனக்கு மூக்குக்கு மேலேயே இருக்கும், எடுத்துக் கொடுக்க ஆள்தான் வேண்டும். அவள் கொடுக்கவில்லை. இனி ஒரே ஒரு புதன்கிழமை பாக்கி. ஒரு முத்திரையை அழுத்தினால் போதும், மகள் வீட்டோடு இருப்பாள். யாரும் என்னைக் கேள்வி கேட்க முடியாது. அவளே கேட்க மாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் லிஃப்ட் சுவரில் காதை வைத்து நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன, மறுபடியும் பேரிங்கா?"

"இல்லம்மா. கயிறு. ஒரு இழை விட்டிருக்கு. மேல வரும்போது மட்டும் கேக்குது."

அவள் கடைக்குப் போன பிறகு நானும் போய் அந்தச் சுவரில் காதை வைத்தேன். லிஃப்ட் கீழே போனது, மேலே வந்தது. எனக்கு 'உய்ங்' என்று கேட்டது. மறுபடி கீழே போய் மேலே வந்தது. மறுபடியும் 'உய்ங்'. இருபத்து மூன்று வருடமாக அதே சுவருக்கு இந்தப் பக்கம்தான் நானும் இருக்கிறேன். திங்கட்கிழமை கணவர் மோட்டார் அறையைத் திறந்து பார்த்தார். கயிற்றில் ஒரு இழை விட்டிருந்தது. கயிற்றை மாற்றிவிட்டு வந்தவர், "நம்ம பொண்ணுக்கு இருக்கற காதுக்கு, இந்த வீட்டுச் சுவர் ஒண்ணு போதாது" என்றார். இதிலும் குத்தல் கிடையாது. ஆனால் இந்தத் தடவை நான் சாப்பிட்டேன்.

மூன்றாவது புதன்கிழமை நாலாம் டோக்கன். அதே சட்டை. டைமரை முறுக்கினேன். என்ன படிப்பு, ஏன் அந்த நாடு, யார் செலவு செய்வது, எல்லாம் சரியாகப் போனது.

"படிச்சு முடிச்சதும் திரும்பி வருவீங்களா?"

என் கண்ணை நேராகப் பார்த்தாள். "எனக்கு அம்மா இருக்காங்க" என்றாள். அதோடு நின்றுவிட்டாள்.

நான் காத்திருந்தேன். அவள் வாய் திறந்து மூடியது. டைமர் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் நாற்பது நொடி. அது அடித்தால் நியாயமான ஃபெயில். அவள் கேட்டது அதைத்தான். குட்டி சாரே குறை சொல்ல முடியாத ஃபெயில்.

கையை நீட்டி டைமரை நிறுத்தினேன். பத்தொன்பது வருடத்தில் செய்யாத வேலை. எழுந்து கண்ணாடித் தடுப்பைச் சுற்றிக்கொண்டு அவள் பக்கம் போய் நின்றேன். அங்கிருந்து என் நாற்காலியை நான் பார்த்ததே இல்லை. கோர்ட்டு மாதிரி இருந்தது. இத்தனை வருடம் யாரும் சொல்லவில்லை.

"மறுபடி சொல்லு" என்றேன்.

"முடியலம்மா."

"முடியும். 'இருக்காங்க'ன்னதும் மூச்சு விட்டுக்கோ. அதுக்குத்தான் அந்த இடத்துல நிறுத்தி எழுதியிருக்கேன்."

சொன்னாள்.

"'ஒரே பிள்ளை'யை இழுக்காத. பிச்சை கேக்கற மாதிரி இருக்கு."

சொன்னாள்.

"'கண்டிப்பா'ன்னு சொல்றப்ப தலையை ஆட்டாத. தலை ஆடினா அந்த ஆளு நம்ப மாட்டான். இன்னொரு தடவை."

சொன்னாள். குரல் உடைந்தது. என் சேலைத் தலைப்பைக் கொடுத்தேன், முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெளியே ஐந்தாம் டோக்கன் கதவைத் தட்டியது. "இருங்க!" என்று கத்தினேன். அந்தக் கோபமாவது ஒருவருக்குப் பயன்படட்டும். ஆறு தடவை சொல்ல வைத்தேன், ஏழாவது தடவை கண்ணை எங்கே நிறுத்த வேண்டும் என்று காட்டினேன். என்னை விட்டுப் போவதற்கான வழியை என் மகளுக்கு இழை இழையாகப் பிரித்துச் சொல்லிக் கொடுத்தேன். வேலை என்று வந்துவிட்டால் நான் அரைகுறையாகச் செய்ய மாட்டேன்.

பிறகு என் பக்கம் வந்து உட்கார்ந்தேன். டைமரை முறுக்கினேன். என்னால் முடிந்த அளவுக்கு முறைத்தேன்.

"படிச்சு முடிச்சதும் திரும்பி வருவீங்களா?"

"எனக்கு அம்மா இருக்காங்க." மூச்சு விட்டாள். "அவங்களுக்கு நான் ஒரே பிள்ளை. படிப்பு முடிஞ்சதும் கண்டிப்பா திரும்பி வந்துடுவேன்."

தலை ஆடவில்லை, குரல் இழுக்கவில்லை, கண் என் கண்ணை விட்டு நகரவில்லை. எத்தனையோ பேர் வாயால் கேட்ட வாக்கியம். எழுதியவள் நான். எதற்கு எழுதியது, சொன்னவர்களில் எத்தனை பேர் வந்தார்கள் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. எல்லாம் தெரிந்தும் நம்பிவிட்டேன்.

பாஸ் முத்திரையைக் குத்தினேன்.

"நல்லா சொன்னேனாம்மா?"

"மேடம்."

"நல்லா சொன்னேனா, மேடம்?"

"நல்லா சொன்னீங்க. ஃபைலை எடுத்துக்கோங்க."

ஐந்தாம் டோக்கன் ஒரு தாடிக்காரர். கூட வந்த அம்மா வெளியே பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைக் கதவு திறந்தபோது பார்த்தேன். கடைசிக் கேள்விக்கு அவர், "தெரியல, மேடம்" என்றார். ஃபெயில் போட்டேன். அந்த அம்மாவுக்கு ஒரு வாரம் கூடக் கிடைத்தது.

என் மகள் போய் ஏழு மாதம் ஆகிறது. போன வாரம் போட்டோ அனுப்பியிருந்தாள். தடித்த கோட்டு, சிரிப்பு. சுவரில் ஒட்டுவதற்குக் குட்டி சார் கேட்டார். இடம் இல்லை என்று சொல்லிவிட்டேன். சுவரில் இன்னும் முப்பது போட்டோவுக்கு இடம் இருக்கிறது. அவர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "சரி மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.